தீவில் ஓடுகிறவன்

மழையில் நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு, விளக்குப் போடாத கூடத்துக்குள் அவன் கால் வைத்தபோது தரை நறநறவென்றது. மணல். ஐந்தாவது மாடி வீட்டில், காலையில்தான் மனைவி துடைத்துவிட்டிருந்த தரையில், கடற்கரை மணல்.

அவள் சோபாவின் ஒரு பாதியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேம் என்றாலே "வேலைவெட்டி இல்லாதவங்க சமாச்சாரம்" என்று அவன் பிழைப்பையே கிண்டலடிக்கிறவள், அவன் கம்பெனி புதிதாக வெளியிட்ட தீவுப் பதிப்பை ஆடிக்கொண்டிருந்தாள். முடிவே இல்லாத ஓட்டம். பழைய பதிப்பில் நகரத் தெருக்களில் ஓடியவன் இப்போது தென்னைகளுக்கு நடுவே, வெள்ளை மணலில், நண்டுகளைத் தாண்டி ஓடுகிறான். பின்னாலேயே ஒரு பேரலை துரத்துகிறது. அலை, மணல், மூச்சு எல்லாம் ஒலிப்பதிவாளனான இவன் சேர்த்த சத்தங்கள்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்."

"முழுசா குறைச்சுத்தாங்க வச்சிருக்கேன்."

எட்டிப் பார்த்தான். உண்மைதான். ஆனாலும் மூச்சு கேட்டது. ஈரமான, அவசரமான மூச்சு, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு மெல்லிய விசில். அந்த விசில்களை அவனே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் வெட்டி எறிந்திருந்தான்.

"யாரு மூச்சுங்க இது?"

"ஏதோ ரெடிமேடா வாங்கிப் போட்டது."

"நம்ம கொக்கு மாதிரியே இருக்கு."

கொக்கு அவள் தம்பி, அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. நெடுங்கால்களும் கூடவே பிறந்த இழுப்பும். "அத்தான், எங்கக்காவைக் கட்டினா நான் இலவச இணைப்பு" என்று கல்யாணத்தன்று சிரித்தவன். பஸ் நிறுத்தத்தில் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தான் என்று அவளுக்குச் சொன்னது இவன்தான்.

உண்மையில் கொக்கு விழுந்தது, விளையாட்டுக்காக அவன் மூச்சைப் பதிந்துகொண்டிருந்தபோது, ஒலிப்பதிவு அறையின் டிரெட்மில்லில். சட்டைப் பையில் இழுப்புப் பம்ப் கடகடத்து மைக்கில் விழுந்ததால், இவன் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். "போதும் அத்தான்" என்றான் பிள்ளை. "இன்னும் ஒரே ஒரு டேக், மாப்ளே." விடுமுறை நாள். எதிரே இருந்த பஸ் நிறுத்தம்வரை அவனைத் தோளில் சாய்த்து இழுத்துப்போனதை யாரும் பார்க்கவில்லை. விழும்போது வந்த சத்தம் மட்டும் அத்தனை அசலாக இருந்தது. அழிக்க மனசு வரவில்லை. விளையாட்டில் ஓடுகிறவன் விழும் இடத்தில் அதைத்தான் வைத்தான்.

"பம்ப் இல்லாம வாசலைத் தாண்ட மாட்டானேங்க." தினமும் கேட்கிற கேள்விதான். இன்று அது கேள்வியாக இல்லை. "எங்க போச்சுன்னு அவனே சொல்லிட்டான்."

சமையலறைப் பக்கமிருந்து உப்பு வாடை வந்தது. அழுகிய பாசி வாடை. இருட்டுக்குள் எதுவோ தூரத்தில் சுருண்டு எழுந்து, உடையாமல், நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன உளர்ற? போனைக் குடு."

கை நீட்டியவன் திரையைப் பார்த்தான். ஓடுகிறவனின் முதுகில் நீலக் கட்டம் போட்ட சட்டை. தோளில் மழை ஈரம்.

அவன் சட்டை.

இடது கால் தானாக எழுந்தது. பிறகு வலது. நின்ற இடத்திலேயே. மணல் தெறித்தது.

"நிறுத்து. நிறுத்தும்மா."

அவள் நிமிரவில்லை.

முதுகில் குளிர்ந்த சாரல் அடித்தது. நெஞ்சு இறுகியது. விசில் இப்போது அவன் தொண்டையிலிருந்து வந்தது.

திரையில், பாதை நடுவே, ஒரு பம்ப் கிடந்தது. அவள் கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. ஓடுகிறவன் பக்கத்துத் தடத்துக்குத் தாவினான். பம்ப் பின்னால் போயிற்று. கூடத்தில் அவன் உடம்பும் பக்கவாட்டில் எகிறி விழுந்து, ஓடியது.

இன்னொரு பம்ப். மறுபடி விரல்.

"போதும்..."

"எவ்வளவு நேரம் ஓடினான் என் பிள்ளை?"

போனைப் பிடிக்கக் கை நீட்டினான். கால்கள் விடவில்லை.

சோபாவின் காலிப் பாதி அமுங்கியது. அதற்குக் கீழே, மணலில், நீளமான இரண்டு பாதங்களின் தடம்.

"எனக்குக் கை வலிக்குது," என்று அவள் கைப்பேசியை அந்தப் பக்கம் நீட்டினாள். "நீ ஆடுடா."

கையை எடுத்துக்கொண்டாள்.

கைப்பேசி விழவில்லை. அந்தரத்தில் நின்றது. திரை மட்டும் மெல்ல அவன் பக்கம் திரும்பியது, அவன் தன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட.

"இன்னும் ஒரே ஒரு டேக், அத்தான்."