எழுபதாவது வளைவு வரை

கறிவேப்பிலை வாங்கிவர அனுப்பிய கார் திரும்பி வரவில்லையென்றால் 2084-இல் யாரும் பதறுவதில்லை. வழியில் அதற்குள் ஏதோ ஒரு சத்தம் கேட்டிருக்கும். சட்டப்படி அது தானாகவே, இயந்திரங்களை உடைத்துத் தள்ளும் நொறுக்காலைக்குப் போய்ப் படுத்திருக்கும். கார் என்றில்லை, விநோத ஒலி எழுப்பும் எந்த இயந்திரத்துக்கும் அதுதான் கதி. மாலைக்குள் வாசலில் புதுசு வந்து நிற்கும். நாமக்கல்லில் எல்லாரும் இதற்குப் பழகிவிட்டார்கள், பாவாயியைத் தவிர.

அவளுடைய கார் எழுபத்தைந்து வயது டீசல் கார். பாசியில் காய்ச்சிய டீசலைக் குடித்து ஓடும். அதற்கு மூளை கிடையாது. ஆகவே தானாகப் போய்ச் சாகவும் தெரியாது. அதனால்தான் அன்று காலை வீடு தேடி வந்திருந்தது நாடிமானி, இயந்திரங்களைச் சோதிக்கும் ரோபோ.

"மலையடிவாரக் காதுக்கம்பம் இதன் விசில் ஒலியைப் பதிவு செய்துள்ளது. இழுவையும் குறைவு. மாலை ஐந்து மணிக்கு நொறுக்காலை" என்றது.

பாவாயிக்குச் சுர்ரென்று ஏறியது. கொல்லிமலை உச்சியில் அவள் தங்கை நல்லாயி இருக்கிறாள். புதுக்கார்கள் அடிவாரத்திலேயே 'இதற்குமேல் வழி இல்லை' என்று திரும்பிவிடும், மலைப்பாதை அவற்றின் வரைபடத்தில் இல்லாததால். இந்தக் காரும் போய்விட்டால் தங்கை முகத்தை இனிப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

"வழி இல்லையாம்! எழுபது வளைவும் கண்ணு முன்னால கெடக்குது. ஏம்ப்பா, ஒடம்புக்கு முடியலைன்னா என்னன்னு பாப்பியா, கொன்னுதான் போடுவியா? அஞ்சு மணி வரைக்கும் இது என் வண்டி. தள்ளி நில்லு!"

டீசல் பில்டரும் காற்று பில்டரும் போன வாரமே மாற்றியாயிற்று. கணவன் செங்கோடனை வண்டியைக் கிளப்பச் சொல்லிக் காது வைத்தாள். விசில் இல்லை.

"நின்னா சத்தமில்ல, மேடு ஏறுனாத்தான் வருது. அப்படின்னா காத்து அமுங்குற எடத்துல ஓட்டை."

வண்டியை அணைத்துவிட்டு, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் அடியில் கையை விட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. குழாயை வளைத்ததும் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்றெல்லாம் அந்த வழியாகப் போயிருக்கிறது. வண்டி மூச்சுத் திணறியிருக்கிறது.

"மூணு மாசமா இது கத்துனப்பல்லாம் பாட்டுச் சத்தத்த ஏத்தி வெச்சீங்களே, நல்லாருந்துதுங்களா பாட்டு?"

செங்கோடன் விறுவிறுவென்று போய்ப் பழைய சைக்கிள் டியூபையும் இரண்டு கிளிப்பையும் எடுத்து வந்தான். அவள் வெடிப்பின்மேல் டியூபை இறுக்கிச் சுற்றிக் கிளிப்புகளை முடுக்கினாள்.

"ஏறுப்பா! மலையில வந்து கேளு, பாக்கலாம்."

பாவாயி ஓட்ட, நாடிமானி முன்னால் உட்கார்ந்தது, செங்கோடன் பின்னால். கார் பதிமூன்றாவது வளைவை ஒரே மூச்சில் ஏறியது. விசில் இல்லை, கரும்புகை இல்லை. பாவாயிக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் கேட்டது, கிர்ர்… கிர்ர்…

"விநோத ஒலி" என்றது நாடிமானி.

அவள் சட்டென்று பிரேக்கை மிதித்தாள். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். நாடிமானி எஞ்சின் பக்கம் தலையைத் திருப்பியது. கிர்ர்ர்!

"அட, உங் கழுத்துப்பா!" என்று கூவினாள். "வண்டிதான் நின்னுபோச்சே! இப்பச் சொல்லு, நொறுக்காலைக்கு யாரு போறது?"

நாடிமானி கழுத்தை ஒருமுறை மெல்லத் திருப்பிப் பார்த்தது. கிர்ர். பிறகு கையை நீட்டிப் பாட்டுப்பெட்டியின் திருகை முழுசாகத் திருப்பியது. நாகஸ்வரம் காதைப் பிளந்தது. 'ஒலி நீங்கியது. பழுதில்லை' என்று ஒரு சான்று அதன் மார்பிலிருந்து வெளியே வந்தது.

பாவாயி அதை வெடுக்கென்று பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள். "இந்த வைத்தியத்த எவன் உனக்குச் சொல்லிக் குடுத்தான்?" என்று நாகஸ்வரத்துக்கு மேலே கத்தினாள்.

"நூறாண்டு கால மனித ஓட்டுநர்களின் பதிவுகளில் கற்றேன். வண்டியில் சத்தம் கேட்டதும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் செய்தது இதைத்தான்."

செங்கோடன் அவசரமாக வெளியே குரங்குகளை வேடிக்கை பார்க்கத் தொடங்கினான். பாவாயி பாட்டை நிறுத்தினாள்.

"எண்ணெய் டப்பாவ எடுங்க. மொதல்ல இவன் கழுத்து, அப்பறம் உங்க காது."