பதினொன்று இருபதுக்கு மவுஸுக்கு என்ன ஆச்சு?

அந்த வீட்டில் எது உடைந்தாலும் எல்லாரும் சின்னவள் பக்கம்தான் திரும்புவார்கள். நான்கு வயதில் அவள் ஒரு கண்ணாடி ஜாடியைப் போட்டு உடைத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், 'நொறுக்ஸ்'. இப்போது அவளுக்குப் பத்து வயது. அந்தப் பெயர் மட்டும் உடையவே இல்லை.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நாளைக்கு வகுப்புப் பத்திரிகையைக் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கம்தான் பாக்கி. காலையில் அப்பா போட்டுவிட்ட பாட்டு இன்னும் அதில் ஓடிக்கொண்டிருந்தது. மவுஸை ஆட்டினாள். திரையில் அம்பு அசையவில்லை.

"அப்பா, மவுஸ் வேலை செய்யலை."

லீவில் இருந்த அப்பா சோபாவிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் இப்பதான் தொட்டேன்!"

"அதான் சொல்றேன். நீ தொட்ட, போச்சு. எழுந்திரு. இனிமே கம்ப்யூட்டர் பக்கம் வராத."

அண்ணன் கைதட்டினான். "நொறுக்ஸ் லிஸ்ட்ல இன்னொண்ணு!"

அழுதால் அண்ணன் அதற்கும் ஒரு பெயர் வைப்பான்.

"அஞ்சே நிமிஷம் குடுங்க" என்றாள்.

மவுஸைத் திருப்பினாள். அடியில் சிவப்பு விளக்கு எரியவில்லை. வேறு போர்ட்டில் செருகினாள். ஊஹூம். அதே போர்ட்டில் பென் டிரைவைச் செருகினாள். உடனே திறந்தது. அப்படியென்றால் கோளாறு மவுஸில்தான்.

அது லினக்ஸ் கம்ப்யூட்டர். எதன் இணைப்பு எப்போது துண்டானது என்று நேரத்தோடு குறித்துவைக்கும். பள்ளி லேபில் பார்த்திருக்கிறாள். மவுஸ் இல்லாவிட்டால் என்ன, கீபோர்டு இருக்கிறதே! கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். திரையில் ஒரு கறுப்புப் பெட்டி திறந்தது. கட்டளையை அடித்ததும் வரிகள் கடகடவென்று ஓடின.

மவுஸ் துண்டான நேரம், காலை 11:20.

அப்போது அவள் வகுப்பில் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மேஜையைப் பார்த்தாள். காலையில் ஜன்னலோரம் இருந்தது, இப்போது ஃபேனுக்கு நேர்கீழே நிற்கிறது. குனிந்தாள். மவுஸ் வயர் மேஜைக் காலுக்கு அடியில் தட்டையாக நசுங்கிக் கிடந்தது.

"மேஜையை யாரு நகர்த்தினது?"

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா எழுந்து வந்தார். வரியைப் படித்தார். வயரையும் பார்த்தார்.

"ம்... பழைய வயர்" என்றார்.

உள்ளேயிருந்து வந்த அம்மா, "யாரா இருந்தா என்ன, விடு" என்றாள்.

"நான்னா மட்டும் யாரு யாருன்னு கேக்கறீங்க. அப்பான்னா யாரா இருந்தா என்னவாம்மா?"

அண்ணன்கூடச் சிரிக்கவில்லை. அவள் திரும்பி உட்கார்ந்து, கீபோர்டைத் தட்டித் தட்டியே கடைசிப் பக்கத்தை முடித்தாள்.

மறுநாள் மாலை அப்பா புது மவுஸோடு வந்தார். மன்னிப்பா? அதெல்லாம் கிடையாது.

"இந்தா, நீயே மாட்டு."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நசுங்கின வயர் நேற்றிலிருந்து அப்படியே கிடந்தது.

"முதல்ல மேஜைக் காலைத் தூக்குங்கப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தூக்கினார். மேஜை நல்ல கனம். அவர் முகம் சிவந்தது.

அவள் அந்த வயரை மெதுவாக, ரொம்ப மெதுவாக உருவி எடுத்தாள்.