பகலில் மட்டும் ஓடிய கார்

ஸ்கூட்டி நேராக அவன் மேல்தான் வந்தது.

ஐப்பசி மழை. வேங்கிக்கால் திருப்பத்தில் புகழேந்தி மொபெட்டை ஓரங்கட்டியிருந்தான். பின்சீட்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதன் மேல் பாலிதீன் தாளைச் சரியாகப் போர்த்துவதற்காகக் கயிற்றை அவிழ்த்த நேரம்.

“ஐயோ... தள்ளுங்க... தள்ளுங்க!”

அவன் தள்ளவில்லை. பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஸ்கூட்டி இடித்து மொபெட் ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் மல்லாந்து சேற்றில் விழுந்தான். பெட்டி அவன் மார்பின் மேல் பத்திரமாக இருந்தது.

மழைக்கு நடுவே இரண்டு கண்கள் குனிந்து பார்த்தன. பெரிய கண்கள். இமை நுனியில் தண்ணீர் நின்றது, விழவில்லை...

“அடிபட்டுச்சாங்க?”

“எனக்கா, பொட்டிக்கா?”

“உங்களுக்குத்தான்.”

“என்னை விடுங்க. பொட்டி நேரா இருக்கா பாருங்க.”

“பொட்டி நேராத்தான் இருக்கு. நீங்கதான் கோணலா இருக்கீங்க.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். “பிரேக்குனு ஒண்ணு இருக்கே, அதைப் புடிக்கக் கூடாதா?”

“புடிச்சேங்க. வண்டிதான் கேக்கல.”

“நீங்க புடிச்சது ஹாரனை.”

அவள் முகம் சிவந்தது. ஸ்கூட்டியை நிமிர்த்தினாள். “அப்படி என்னங்க இருக்கு அதுல? குழந்தை மாதிரி கட்டிக்கிட்டு...”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

குழந்தைதான். அவன் தன் கையால், தனியாக, முதன்முதலில் பூட்டிய கம்ப்யூட்டர். அதுவரை பரசுராமன் கடையில் அவன் ஸ்க்ரூ எடுத்துக் கொடுப்பவன், தூசி துடைப்பவன். காலையில் பரசுராமன் சொல்லி அனுப்பியிருந்தார்: “இது நல்லா ஓடிச்சுன்னா இனிமே அசெம்பிளி எல்லாம் உன் கையில. ஓடலைன்னா... உங்க ஊரு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு எதிர்லயே நிக்குது.”

விலாசத்தைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினான். திறந்தவளுக்கு அதே கண்கள்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா ராஜமதி வந்துகொண்டிருந்தார்.

“யாரு சன்மதி?”

“கம்ப்யூட்டர்காரர்ம்மா.”

“என்ன தம்பி இது, சட்டையெல்லாம் சேறு?”

புகழேந்தி அவளைப் பார்த்தான். அவள் மூச்சு விடவில்லை. “வழுக்கிட்டேம்மா,” என்றான்.

அம்மா துண்டு எடுக்க உள்ளே போனதும் அவள் கிசுகிசுத்தாள். “தேங்க்ஸ்ங்க. தெரிஞ்சா நாளைக்கே வண்டிய வித்துடுவாரு அப்பா.”

அப்பா தரணேந்திரனுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. மகள் எம்.சி.ஏ. படிப்புக்காகக் கம்ப்யூட்டர் கேட்டாள் என்று நினைத்திருந்தார். அவள் கேட்டது அதில் கார் ரேஸ் விளையாட.

“இவ்ளோ பெரிய கிராபிக்ஸ் கார்டு எதுக்குன்னு கேக்கலையா?”

“படம் வரையன்னு சொல்லியிருக்கேன். காட்டிக் குடுத்துடாதீங்க.”

பெட்டிக்கு ஒயர்களை மாட்டி முடித்து அவன் பொத்தானை அழுத்தினான். பக்கவாட்டில் அவன் ஆசைப்பட்டு மாட்டிய ஃபேன் சுழன்றது. அதிலிருந்து நீல வெளிச்சம் சுவரெல்லாம் பரவியது. அவள் கண்களிலும்...

“அழகா இருக்குங்க,” என்றாள்.

அந்த ஒரு பேச்சை நினைத்துக்கொண்டே அவன் மழையில் கடைக்குத் திரும்பினான்.

சில நாளில் போன் வந்தது. “கார் விட்டு விட்டு ஓடுதுங்க. நாலு அடி போகுது, நிக்குது, மறுபடி குதிக்குது. புது சிஸ்டமாங்க இது?”

மார்பில் விழுந்த பெட்டி அவனுக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே எதுவோ அசைந்திருக்கும்...

மறுநாள் காலையில் போனான். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு தடங்கல் இல்லை. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கார்டை அழுத்திப் பார்த்தான். கார்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை மறுபடி போட்டான்.

“நல்லாத்தானே ஓடுது?”

“உங்க முன்னாடி மட்டும் ஓடுது. நீங்க போனதும் நின்னுடும். பாருங்களேன்.”

“எம் மேல அவ்ளோ மரியாதையா அதுக்கு?”

“அதுக்கு இருக்கலாம். எனக்கு இல்ல.”

சாயங்காலம் போன் வந்தது. கார் நின்றுவிட்டதாம்.

பெட்டியைக் கடைக்கே தூக்கி வந்தான். ஒரு பகல் முழுக்க ரேஸ் ஓட்டினான். ஒரு குறையும் இல்லை. திருப்பிக் கொண்டுபோய் வைத்தான். அன்று சாயங்காலமே மறுபடி போன். அவன் தூக்கம் கெட்டது. சாப்பாடு இறங்கவில்லை. கடை போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தான். அவள் குரலைக் கேட்க வேண்டும் என்றும் இருந்தது. கேட்கக் கூடாது என்றும் இருந்தது.

பிறகு அவளே கடைக்கு வந்தாள். குடை நனைந்திருந்தது. முகம் இறுகியிருந்தது. பரசுராமன் கல்லாவில் இருந்தார்.

“உள்ள பழைய சாமான் எதுனா போட்டிருக்காங்களான்னு அப்பா கேக்கச் சொன்னார்.”

புகழேந்தி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பழைய சாமான்... அதுவும் அவள் வாயால்...

பரசுராமன் அவன் பக்கம் திரும்பினார். “உண்மையச் சொல்லு. எடுத்துட்டுப் போற வழியில கீழ போட்டியா?”

அவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“இல்ல சார். என் கையிலதான் தப்பு.”

“அப்போ இன்னிக்கு சாயங்காலம் போ. அது நிக்கும்போது கூட இருந்து பாரு. சரியாச்சுன்னா வா. ஆகலைன்னா பொட்டியத் திருப்பி எடுத்துக்கறேன். நீ வர வேணாம்.”

அவள் வெளியே வந்து, படியிலேயே நின்றாள். அவன் பின்னால் வந்தான்.

“நான் இடிச்சதை ஏங்க சொல்லல?”

“சொன்னா உங்க வண்டி போயிடும்.”

“உங்க வேலை போகுதே...”

“பழைய சாமான் போட்டவன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் வேலை இருந்தா என்ன, போனா என்னங்க?”

அவள் கண் நிறைந்தது. மழையா, கண்ணீரா... அவன் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

சாயங்காலம் ஊரை ஒட்டிய மலை முழுக்க மேகம். அவன் போனபோது அந்த வீட்டில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிப்பவர்கள். சமண வீடு.

“விளக்கு வெச்சா எங்க வீட்ல சாப்பாடு இல்ல தம்பி. இப்பவே ஒரு வாய் சாப்புடு,” என்றார் ராஜமதி.

“பசிக்கலம்மா.”

“பயமா இருக்கற முகத்துல பசி எப்படித் தெரியும்?” என்று சொல்லிவிட்டு அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சன்மதி கம்ப்யூட்டரைப் போட்டாள். நீல வெளிச்சம் சுழன்றது. கார் கிளம்பியது. நன்றாக ஓடியது. அவன் பின்னால் நின்று பார்த்தான். இப்போதும் ஓடிவிட்டால்? தான் போனபின் நின்றால்?

மழை விட்டது. ஜன்னல் வழியாக ஒரு ஈசல் வந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு கூட்டமாக... எல்லாம் நேராக நீல ஃபேனை நோக்கிப் பறந்தன. சன்மதி சட்டென்று எழுந்தாள். கொடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை உருவி, இரண்டாக மடித்து, ஃபேன் வாயில் இறுகக் கட்டினாள். பழகிய கை.

“அது என்னங்க?”

“தண்ணி வடிகட்டற துணி.”

“அதை ஏன் இங்க...”

“முதல் நாள் சாயங்காலம் ஒரு ஈசல் உள்ள போயிடுச்சு. இறக்கை மட்டும் வெளிய வந்து விழுந்துச்சுங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. அதுலருந்து விளக்கு வெச்சதும் கட்டிடுவேன். காலைல அவுத்துடுவேன்.”

திரையில் கார் ஒரு குதி குதித்தது. நின்றது. மறுபடி குதித்தது.

“பாத்தீங்களா! இதைத்தான் சொன்னேன்...”

“கைய வைங்க.”

“எங்க?”

“பொட்டி மேல.”

வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். சுட்டது.

“காத்து போற வாயே அதுதாங்க. மூடினா சூடு ஜாஸ்தியாயிடும். வெந்துபோகாம இருக்க உள்ள இருக்கற சிப்பு தானா வேகத்தைக் கம்மி பண்ணிக்கும். அதான் கார் நிக்குது.”

அவள் விரல் நுனியைப் பார்த்தபடி நின்றாள். “அப்போ... நான் இடிச்சதுல ஒண்ணும் ஆகலையா? நீங்க பூட்டினதுலயும் தப்பு இல்லையா?”

“வெளிய என்ன இருக்குன்னு நானும் பாக்கலைங்க. உள்ளயே நோண்டிக்கிட்டு இருந்தேன்.”

“பழைய சாமான்னு சொன்னேனே...”

“சொன்னீங்க.”

“அப்பா சொன்னதை நான் அப்படியே சொல்லியிருக்கக் கூடாது. அங்க நின்னு உங்க முகத்தைப் பாத்தேன்... வீட்டுக்கு வந்து அழுதேங்க.”

கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று அவன் உள்ளுக்குள் தேடிப் பார்த்தான். ஒரு ஈசலுக்காகத் தூங்காதவள் மேல் எப்படிக் கோபப்படுவது?

கம்ப்யூட்டரை அணைத்தான். துணியை அவிழ்த்தான். ஃபேனில் விளக்குக்குப் போகிற ஒயரை மட்டும் நறுக்கி, டேப் சுற்றினான்.

“நீலம் போயிடுமா?” என்றாள்.

“போயிடும். அதைப் பாத்துத்தான் அதுங்க வருதுங்க. மானிட்டர்ல வந்து உக்காரட்டும், அங்க வெட்டறதுக்கு எதுவும் இல்ல.”

பெட்டி ஆறியது. மறுபடி போட்டார்கள். ஃபேன் இருட்டில் சுழன்றது. ஈசல்கள் திரையில் வந்து ஒட்டின. அவற்றுக்கு நடுவே கார் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் வீட்டு போனிலிருந்தே கடைக்குப் பேசினான். “சரியாயிடுச்சு சார்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா சார்.”

“அப்ப காலைல சீக்கிரம் வா. ரெண்டு பொட்டி பூட்டணும்.”

போனை வைத்தான். இத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பையை எடுத்தான். வாசலில் செருப்பை மாட்டினான். மறுபடி தூறல் ஆரம்பித்திருந்தது.

“வரேங்க.”

“ம்.”

அவன் நகரவில்லை.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. பொட்டி சரியாயிடுச்சு. இனிமே போன் வராது. எனக்கு இங்க வர வேலை இல்ல...” பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். “வேலை போயிடும்னு பயந்தப்ப கூட இவ்ளோ பயமா இல்லைங்க.”

தெருவிளக்கில் தூறல் சரம் சரமாக இறங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலை இருந்தாத்தான் வருவீங்களா?”

“வேலை இல்லாம வந்தா ஏன் வந்தேன்னு கேப்பாங்களே. நாங்க வேற ஆளுங்க. எங்க வீட்ல கறி மீன் எல்லாம்...”

“கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

“என்னன்னு?”

அவள் நிமிர்ந்தாள். “எனக்குப் புடிச்சவர் வந்திருக்கார்னு.”

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“என்னடி சொன்ன?” அம்மாவின் குரல்.

ஓடிவிடலாமா என்று புகழேந்தி ஒரு கணம் நினைத்தான். சன்மதியின் கண்களிலும் பயம் இருந்தது. அப்பட்டமான பயம். ஆனால் அந்தக் கண்கள் அவனை விட்டு நகரவில்லை.

திரும்பிப் பார்க்காமல், இன்னும் கொஞ்சம் சத்தமாக, அவள் அதையே மறுபடி சொன்னாள்.