லாயத்தில் ஒரு வாளி தண்ணீர்

"அக்கா, இது உண்மையிலயே குதிரை லாயம்தானோ?"

பள்ளத்தின் ஓரத்தில் நின்று கேட்டாள் சுபானி. கீழே வசுந்தரா அக்கா முழந்தாளிட்டு, செங்கல் தரையைத் தூரிகையால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓமடி. மூண்டு கிழமையாச் சொல்லுறன். ஆர் கேக்கினம்?"

வசுந்தரா அக்கா சுபானி வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். தொல்லியல் படிக்கிறாள். ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு வெளியே இடிந்து கிடந்த பழைய பண்ணை மாளிகையில் அவளுக்கு அகழாய்வு வேலை. பள்ளி விடுமுறை என்பதால் பத்து வயது சுபானியும் கூட வந்திருந்தாள். கிடைக்கும் பானை ஓடுகளைக் கழுவ வாளியில் தண்ணீர் கொண்டுவருவது அவள் பொறுப்பு.

அகழாய்வின் தலைவி திருமதி பிராண்ட், "இது தானியக் களஞ்சியம்" என்றே சொல்லிவந்தார். "குதிரை நின்றதற்கு ஓர் அடையாளம் காட்டு, பார்க்கலாம்!"

ஒரு லாடம்கூடக் கிடைக்கவில்லை. நாளை காலை இயந்திரம் வந்து பள்ளத்தை மூடிவிடும். அறிக்கையில் 'களஞ்சியம்' என்று எழுதிவிடுவார்கள்.

"நான் முதல் முதலாச் சொன்ன கருத்து. அதுவும் பிழையாப் போகப்போகுது." அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"அழுறீங்களோ?"

"இல்லை. தூசி."

சுபானி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குதிரை எவ்வளவு மூத்திரம் பெய்யும்?"

"என்ன கேள்வியடி இது? ஒரு நாளைக்கு ஒரு வாளி வரும்."

"இருவது குதிரை எண்டா இருவது வாளி! அவ்வளவும் எங்க போகும்?"

அக்காவின் தூரிகை நின்றது.

"அப்பா சமையல் வேலை செய்யிற குசினியில, வேலை முடிய நிலத்தைக் கழுவுவினம். தண்ணி தானா ஒரு பக்கம் ஓடும். அங்கதான் கழிவுத்தண்ணி போற கான் இருக்கு. நிலத்தைச் சரிவாத்தான் கட்டுவினமாம். இஞ்சயும் ஊத்திப் பாப்பமோ?"

"ஐயோ, கேக்காமல் ஊத்தினா அவ என்னைத் துரத்திப்போடுவா."

"அப்ப நான் போய்க் கேக்கிறன்."

கேட்டேவிட்டாள். திருமதி பிராண்ட் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். "ஒரு வாளி. ஒன்றே ஒன்று," என்றார்.

சுபானி மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு செங்கல் இடுக்குகளில் நெளிந்து நெளிந்து இடப்பக்கச் சுவரை நோக்கி ஓடியது. அங்கே கற்கள் சரிந்து கிடந்ததால் யாரும் தோண்டவில்லை. தண்ணீர் அந்தக் கற்களுக்கு அடியில் நுழைந்து மறைந்தது.

மூவரும் கற்களை அகற்றினார்கள். மண்ணைச் சுரண்டினார்கள். ஒரு சாண் ஆழத்தில் செங்கல் கான் ஒன்று நீளமாகத் தெரிந்தது. அதன் முனையில் சுவரில் ஒரு துளை.

"களஞ்சியத்திலும் கான் இருக்கலாமே," என்றார் திருமதி பிராண்ட்.

"தானியம் நனைந்தால் முளைத்துவிடுமே!" என்றாள் சுபானி ஜெர்மன் மொழியில். "அதை வைக்கிற இடத்தில் யாராவது கான் வெட்டுவார்களா?"

திருமதி பிராண்ட் குனிந்து கானை மோந்து பார்த்தார். குனிந்து கானை மோந்து பார்த்தார்.

"இருநூறு வருசத்துக்குப் பிறகு என்ன மணக்கும்?" அக்கா சுபானியின் காதில் கிசுகிசுத்தாள்.

திருமதி பிராண்ட் நிமிர்ந்து கைபேசியை எடுத்தார். "நாளைக்கு இயந்திரம் வேண்டாம். அடுத்த கிழமை பார்க்கலாம். இது லாயம். இந்தக் கானை முழுக்கத் தோண்ட வேண்டும்."

அக்கா சேற்றுக் கையாலேயே சுபானியைக் கட்டிப்பிடித்தாள்.

"அக்கா, நாளைக்கும் வரட்டோ?"

"நீ வராட்டி ஆர் தண்ணி ஊத்துறது?"

சுபானி வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.