மானுக்கு யார் வாசிப்பார்?

பள்ளிக்கூட வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் தினமும் ஊர்ச்செய்தி எழுதுவது ஏழாம் வகுப்பு வள்ளிமயிலின் பொறுப்பு. எதிரிலேயே பேருந்து நிறுத்தம். கோவில்பட்டி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

திங்கட்கிழமை அவள் இப்படி எழுதினாள்: 'மாரிச்சாமியின் உளுந்தை வெயிலுமுத்துவின் ஆடுகள் மேய்ந்துவிட்டன.' ஈரக் கரிசலில் குளம்புத் தடத்தைப் பார்த்ததாக மாரிச்சாமியே சொல்லியிருந்தார். வேறென்ன வேண்டும்?

மாலையில் வெயிலுமுத்து பலகை முன்னால் நின்றிருந்தார். அறுப்பு முடிந்ததும் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடச் சொல்லியிருந்த மூன்று வீட்டாரும் இப்போது வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது தாயி. இதுல என்னதான் போட்டிருக்கு?"

தான் எழுதியதையே அவள் வாசித்தாள்.

"அன்னைக்கு எங் கிடை நாகலாபுரத்துல கெடந்துச்சு. எழுதுனவிய எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே" என்றபடி அவர் நடந்தார்.

மறுநாள் விடியுமுன் வள்ளிமயில், தன் தோழியான மாரிச்சாமியின் மகள் செண்பகவல்லியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர்கள் புஞ்சைக்குப் போனாள்.

"எழுதி முடிச்சப்புறம் பாக்க வாரது நீ ஒருத்திதாண்டி" என்று முனகிக்கொண்டே வந்தாள் தோழி.

வானம் வெளுத்தது. கரிசலுக்குள்ளிருந்தே முளைத்தவைபோல் மான்கள் நின்றன. பத்து, பதினைந்து. ஒன்று தலை தூக்கி அவர்களைப் பார்த்தது. வாயில் உளுந்துக் கொடி. மறுகணம் மொத்தக் கூட்டமும் துள்ளி எழுந்தது. அந்தரத்தில் ஒரு நொடி நின்றது போலிருந்தது. பிறகு வெறும் மண். அதில் ஆட்டுத்தடம் போலவே குளம்புத்தடம்.

வள்ளிமயில் தன்னையறியாமல் கைகூப்பியிருந்தாள்.

அன்று பலகையில், அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில் எழுதினாள்: 'உளுந்தை மேய்ந்தவை மான்கள். வெயிலுமுத்துவின் ஆடுகள் அல்ல. நேரில் பார்க்காமலும், அவரைக் கேட்காமலும் நேற்று எழுதியது நான். தவறு என்னுடையது. வள்ளிமயில்.'

பஸ் வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை. படித்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் சொல்லி விஷயம் அறிந்த மாரிச்சாமி, வெயிலுமுத்துவைக் கையோடு கூட்டி வந்தார். "உளுந்து எடுத்ததும் மொதக் கிடை எம் புஞ்சையிலதான், வெயிலுமுத்து" என்றார்.

வள்ளிமயில் பலகையை வாசித்துக் காட்டினாள். கடைசியில் தன் பெயரையும் விடாமல் வாசித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

வெயிலுமுத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எனக்காவது வாசிச்சுச் சொல்ல நீ இருக்க தாயி. பாவம், அந்த மானுக்கு யாரு வாசிப்பா?"