மூச்சுக்கு மூன்று திருகாணி

ஒரு மூச்சின் விலை மூன்று திருகாணி. பேரம் கிடையாது, கடன் கிடையாது, கொசுறு கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு அந்தப் பக்கம் மிதக்கும் சந்தையில் அதுதான் கட்டுவிலை.

தக்கலைக்காரி அபிதா அந்த விலைப்பலகையைப் பார்த்ததும் முதலில் நினைத்தது, 'அப்பா வந்திருந்தா ரெண்டுக்கு முடிச்சிருப்பாரு...' என்றுதான்.

சந்தை நிஜமில்லை. இணையத்தைத் திறந்தால் அப்படியே ஓடுகிற ஒரு விளையாட்டு. ஒரு விண்கப்பல், மூன்று பேர். ஒருவருக்கு இன்ஜின், ஒருவருக்குச் சுக்கான், ஒருவருக்கு ஆக்சிஜன். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. ஓட்டை உடைசலான ஒரு கப்பலை நாளும் பொழுதும் நிற்காமல் ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான். கிட்டத்தட்ட குடும்பம் நடத்துகிற மாதிரி.

மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை, கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில், அபிதா சுக்கான் பிடிப்பாள். கடை திருவனந்தபுரம் சாலையில். சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், ஆக்சிஜன் மெஷின்... எல்லாம் வாடகைக்கு. அப்பா பொன்னுலிங்கம் முன்பு பித்தளைப் பாத்திரம் விற்றவர். கொரோனா காலத்தில் அம்மா தாணம்மாளுக்கு மூச்சு முட்டியபோது ஒரு சிலிண்டருக்காக ஊரெல்லாம் அலைந்தார். கேட்ட விலையைக் கொடுக்கிறேன் என்று அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன நாளில், விற்க யாரிடமும் சரக்கு இல்லை. மறு வருஷமே பாத்திரங்களைத் தள்ளிவிட்டு இந்த வியாபாரத்துக்கு வந்துவிட்டார்.

கடைக்கு இரண்டே சட்டம். மெஷினைத் திருப்பித் தருகிறவரிடம் 'எப்படி இருக்காங்க' என்று கேட்கக் கூடாது. படியிறங்குகிறவர் யாராக இருந்தாலும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லக் கூடாது.

"இங்க ஒருத்தன் மறுபடி வந்தா என்ன அர்த்தம் மக்களே? அவன் வீட்டுல இன்னொருத்தர் படுத்துட்டாருன்னு அர்த்தம். சரின்னு தலைய ஆட்டி அனுப்பு. போதும்," என்பார் மகளிடம்.

அபிதா மூன்று வருஷமாகத் தலையை ஆட்டியே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கப்பலுக்கு அவள் வைத்த பெயர் 'தாணம்மாள்'. அவள் பெயர் அங்கே 'முந்திரி'. இன்ஜினில் ஷார்ஜாவில் இருக்கும் சித்தி மகன் பிபின். மூன்றாவது சீட்டில் எங்கிருந்தோ வந்து ஏறிக்கொண்ட முகம் தெரியாத ஒருவன். பெயர் 'கட்டெறும்பு'.

ஏறிய அன்றைக்கே சண்டை.

"பின்கட்டுல ஆளில்ல. எதுக்கு நாலாவது வால்வத் தொறந்து போட்டுருக்கீரு? காத்து என்ன ஒம்ம அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று திரையில் தட்டினாள்.

"எங்க அப்பன் வீட்டுல காத்துக்குக் கொறவில்ல. கடக்கரை. வேணும்னா ஒரு சாக்குல கட்டி அனுப்பட்டா?"

"எந்தக் கடக்கரை?"

"அதுக்குத் தனி வெல முந்திரி... மூணு திருகாணி எடுத்து வையும்."

கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பேச்சைப் பார்த்தால் நம்ம ஊர்ப் பக்கம்தான்... அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முப்பத்தேழு நாள் கப்பல் ஓடியது. இரண்டு மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. சில சமயம் அவன் பாதி வரியில் 'ஒரு நிமிசம்' என்று ஓடிவிடுவான்.

"பொண்டாட்டி கூப்பிடுகாளோ?"

"இல்ல. அதவிடப் பெரிய ஆளு."

பொண்டாட்டி இல்லை என்பதை மட்டும் அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டாம் நாள் ஐப்பசி மழை. வேளிமலை தெரியாத அளவுக்கு ஊற்றியது. மாவட்டம் முழுக்கக் கரண்ட் போனது. கடையில் இன்வெர்ட்டர் இருந்ததால் அபிதாவின் திரை அணையவில்லை. அதில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது... ஆக்சிஜன் சீட்டு காலி. பிபின் இன்ஜினைத் தானாக ஓட விட்டு டூட்டிக்குப் போயிருந்தான்.

"எறும்பே... எங்க போன? ஏலே, காத்து எறங்குகு!"

பதில் இல்லை. கப்பலின் காற்று முள் இறங்குவதை அவளால் பார்க்க முடியவில்லை. ஒரு முறை பார்த்தவள் அவள்... ஆஸ்பத்திரி வராந்தாவில், அம்மாவின் விரலில் மாட்டிய சின்ன எண்பெட்டியில். 'கப்பலைக் கைவிடு' என்ற பொத்தானை ஓங்கி அழுத்தினாள். தாணம்மாள் இரண்டாம் முறையாகப் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் அவன் வந்தான். "மன்னிக்கணும் முந்திரி. வீட்டுல கரண்ட் போச்சு."

"கூட இருக்குத உசுருக்கு ஒரு வெல இல்லியா ஒனக்கு? மூச்ச நிறுத்திட்டு ஓடுதவனுக்கு எதுக்கு ஆக்சிஜன் சீட்டு? இனி இந்தப் பக்கம் வராத."

அவன் வெகுநேரம் எதையோ தட்டினான், அழித்தான், தட்டினான். கடைசியில் வந்தது ஒரே வார்த்தை. "சரி."

அதே வார்த்தை... கடையில் அவள் எல்லோரையும் அனுப்புகிற வார்த்தை.

அவள் புதுக் கப்பல் கட்டினாள். ஆனால் கிளம்பவில்லை. யார் யாரோ ஏற வந்தார்கள். "எக்கா, ஒருத்தன ஏத்து, எவ்வளவு நாளு கரையிலயே கெடக்க?" என்று பிபின் சலித்துக்கொண்டான். கூப்பிட வாய் வரவில்லை, வேறொருவனை ஏற்றவும் மனசு வரவில்லை. வீம்பு இருக்கிறதே, அது முதலையும் தின்னும், வட்டியையும் தின்னும்.

பதினாறு நாள் கழித்து, அதே போல ஒரு மழை மத்தியானம். ஒருவன் ஆட்டோவிலிருந்து ஆக்சிஜன் மெஷினை இறக்கிக்கொண்டு படியேறினான். மெஷினுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான். தனக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. முடியிலிருந்து நீர் சொட்டியது. கண்கள் மட்டும் காய்ந்து கிடந்தன... அழுது முடித்த கண்கள். அபிதாவுக்கு அந்தக் கண்களைத் தெரியும், நான்கு வருஷத்துக்கு முன் கண்ணாடியில் பார்த்தவை.

"மெஷின் திருப்பிக் குடுக்கணும். எங்க சித்தப்பா ஞானையன் பேருல எடுத்தது. நான் ஜெபிஷ். ராஜாக்கமங்கலம்."

அவள் கேட்கவில்லை. சட்டம்.

ரசீதை எழுதக் குனிந்தாள். மேஜை மேல் திரும்பியிருந்த திரையை அவன் சும்மா பார்த்தான். பார்த்தவன் அசையவில்லை. 'சுக்கான்: முந்திரி. இன்ஜின்: பிபின். ஆக்சிஜன்: காலி.'

"முந்திரி..." என்றான், மெல்ல.

பேனா நின்றது. தக்கலையில் அவளை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. நிமிர்ந்தாள்... இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

"நீங்களா...?"

"நான்தான். கட்டெறும்பு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஆரல்வாய்மொழியில காத்தாடி ரிப்பேர் பாக்குறேன். அம்மைக்கு முடியலன்னு லீவு போட்டேன். காத்துல இருந்து கரண்ட் எடுக்குறதுதான் நம்ம தொழிலு. அன்னைக்குக் கரண்ட் இல்லாம எங்க அம்மைக்குக் காத்து நின்னுட்டு, கேட்டேளா?"

"அன்னைக்கேவா...?"

"இல்ல. ஒடனே சிலிண்டர மாட்டிட்டேன். அதுக்குப் பொறவு பதினோரு நாளு இருந்தா. அதவிடப் பெரிய ஆளுன்னு சொன்னேன்லா... அதான்."

"ஏன் சொல்லல? அப்பிடித் திட்டுனேனே..."

"திட்டுனத அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன். 'ஏலே, யாருல இந்தப் பிள்ள, இவ்வளவு உரிமையாட்டு ஏசுகா'ன்னா. மாஸ்க்குக்குள்ள சிரிச்சா. அதுதான் அவ கடைசியாச் சிரிச்சது." நனைந்த முடியைப் பின்னால் ஒதுக்கினான். "ஆனா ஒங்கள மூச்சில்லாம விட்டுட்டுப் போகல. லைட்டு ரெண்டு தடவ மங்கிச்சு. போகப் போகுதுன்னு தெரிஞ்சதும் என் பங்க ஒங்க தனித் தொட்டிக்கு மாத்திட்டுத்தான் ஓடுனேன். சந்தைக்குப் போய்ச் சேர அது போதும்."

அவள் அவசரமாகப் பழைய கப்பலின் குறிப்பேட்டைத் திறந்தாள். இத்தனை நாள் அதைத் தொடவே இல்லை. ஊரார் ரசீதையெல்லாம் மூன்று முறை சரிபார்க்கும் வியாபாரி மகள், தன் பெயருக்கு வந்த வரவைப் பார்க்கவில்லை. கடைசி வரியில் இருந்தது:

கட்டெறும்பு, முந்திரிக்கு: நாற்பது மூச்சு.

அதற்குக் கீழே, இரண்டு நிமிஷம் தள்ளி: முந்திரி, கப்பலைக் கைவிட்டார்.

இறங்கியது கப்பலின் முள்தான்; தன் தொட்டி நிரம்பியிருக்க, அவளேதான் கப்பலை மூழ்கடித்திருக்கிறாள். கண் நிறைந்து ரசீதின் மேல் சொட்டியது. "மன்னிச்சிருங்க..." என்றாள். வேறு வார்த்தை அகப்படவில்லை.

"அழாதீங்க. இந்த மெஷின சித்தப்பாவே கொண்டாந்திருப்பாரு. நான்தான் பிடுங்கிட்டு வந்தேன். வீட்டுல அந்தச் சத்தம் நின்ன பொறவு இருக்க முடியல. ரெண்டு மணியானா கை தானாட்டு அந்த விளையாட்டத் தொறக்கும்... வரப்பிடாதுன்னு சொன்னீங்கல்லா. மூடிருவேன். யாராவது நம்மள ஏசுனா நல்லாருக்கும்னு இருக்கு. யாராவது இல்ல... நீங்க."

அபிதா திரையை அவன் பக்கம் திருப்பினாள். "பதினாறு நாளா அந்தச் சீட்டுல ஒருத்தரையும் ஏத்தல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியாதுன்னுதான் இருந்தேன். இப்ப தெரியுது."

அவன் அந்தக் 'காலி'யை ஒரு தரம் படித்தான். ரசீதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தான். படியிறங்கி மழைக்குள் கால் வைத்தவன், திரும்பிப் பார்த்தான்.

தலையை ஆட்டியிருக்கலாம். சட்டம் அதுதான்.

"போயிட்டு வாங்க," என்றாள் அபிதா.

பின்கட்டில் சக்கர நாற்காலிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பொன்னுலிங்கத்தின் கை நின்றது. அவர் வாசலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். சர்ச்சுக்காரப் பையன் என்பது அவருக்கு ஜெபிஷ் என்ற பெயர் காதில் விழுந்தபோதே தெரியும்.

"வாய் தவறிட்டா மக்களே?"

"இல்லப்பா."

வெகுநேரம் கழித்துத்தான் பம்பின் சத்தம் மறுபடி கேட்டது, முன்பைவிட மெதுவாக.

அபிதா புதுக் கப்பலின் குறிப்பேட்டில் முதல் பக்கத்தைத் திறந்து எழுதினாள். கட்டெறும்புக்குத் தர வேண்டியது: நாற்பது மூச்சு. அவன் திரும்பிப் பார்த்தபோது எனக்கு நின்ற மூச்சு, கழிவு: ஒன்று. பாக்கி: முப்பத்தொன்பது.