வலப்பக்க நாற்காலி

புதிய ஒலிப்பெட்டியைப் பொருத்த மெக்கானிக் வந்தது நல்ல மதிய வெயிலில். கூடத்துத் திரைகளை நான் விலக்குவதில்லை. உள்ளே நுழைந்தவர் இருட்டில் சற்றுத் தடுமாறினார்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். நல்ல பாட்டாவது துணைக்கு இருக்கட்டும் என்று மகள் வாங்கி அனுப்பிய பெட்டி அது. இரண்டு செட்டுக்குக் கூடத்தில் இடமில்லை. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஞாயிறன்று அவள் வரும்போது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

"அந்தப் பழைய டப்பாவக் கட்டிட்டு அழாதீங்கப்பா" என்றாள் போனில்.

"டப்பான்னு சொல்லாத. உங்கம்மா காதுல விழப்போகுது."

"எந்தக் காதுலப்பா?"

இருவரும் சிரித்தோம். 

மெக்கானிக் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைக் குனிந்து பார்த்தார். "என்ன சார், பேலன்ஸ் குமிழ இடது பக்கம் முழுசாத் திருப்பி வெச்சிருக்கீங்க? வலது ஸ்பீக்கர் சும்மா உக்காந்து சம்பளம் வாங்குதா?"

"வீட்ல அவளுக்கு வலது காது கேக்காது. அதுக்காக வெச்சது."

"அவங்க..."

"போயிட்டா."

அவர் குமிழை மெல்ல நடுவுக்குத் திருப்பினார். "புதுசுல குமிழே கிடையாது சார். யாரு எங்க உக்காந்திருக்காங்கன்னு அதுவே மோப்பம் பிடிச்சு, சத்தத்த சரி பண்ணிக்கும்."

முதலில் காலி அறையை அளக்க வேண்டுமாம். வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உள்ளே சீழ்க்கை போல ஓர் ஒலி எழுந்து அடங்கியது. பிறகு பெட்டியின் பெண்குரல் கேட்டது.

"அறை காலியாக இல்லை. அனைவரும் வெளியேறிய பின் தொடரவும்."

"பூனை வளக்கிறீங்களா சார்?"

"இல்லையே."

"அப்ப எலிதான். இது எலியவும் விருந்தாளின்னு சேத்துக்கும்."

மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் அளந்தார்.

அறை காலியாக இல்லை.

அவர் சிரிக்கவில்லை. காலி அறையை அளப்பதை விட்டுவிட்டு மீதி வேலையை முடித்தார். என்னை என் நாற்காலியில் உட்காரவைத்து, என் போனில் கூடத்தின் படத்தைக் காட்டினார். என் இடத்தில் ஒரு புள்ளி.

வலப்பக்கம் இன்னொன்று.

அங்கே இருந்தது அவள் நாற்காலி. நல்ல காது என் பக்கம் இருக்கட்டும் என்று எப்போதும் என் வலப்பக்கம்தான் உட்காருவாள். மெத்தையில் அவள் உட்கார்ந்த பள்ளம் இன்னும் நிமிரவில்லை. மெக்கானிக் அதைப் பார்த்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே பையைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் முதல் ஒரே பாட்டை இரண்டிலும் போட்டுக் கேட்டேன். பழையதில் வால்வு சூடேறித் தூசி கருகும் வாசனை வரும். பாட்டு கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். புதியதில் பாடகி மூச்சை இழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. பழையதன் குமிழை எத்தனை முறை நடுவில் வைத்தாலும், அடுத்த முறை பார்க்கும்போது இடக்கோடியில் இருந்தது.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது போன் திரையைத்தான்.

"கேக்குதா?" என்று ஒருநாள் காலி நாற்காலியைப் பார்த்து மெல்லக் கேட்டேன்.

புள்ளி என் பக்கம் நகர்ந்தது.

பயமாக இருந்தது. எழுந்து போகலாம். எழுந்து எங்கே போவது? அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாளுக்கு நாள் அது நெருங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் என் புள்ளியைத் தொட்டுக்கொண்டு நின்றது. வலக் காதோரம் குளிர்ந்தது.

ஞாயிறன்று மகள் வந்தாள். "எதுப்பா வேணும்?"

"பழச எடுத்துட்டுப் போ."

"நிஜமாவா? அம்மாவோட செட்டுப்பா அது."

தெரியும். ஆனால் அவள் இருக்கிறாள் என்று சொன்னது புதியதுதான். அதை எப்படி மகளிடம் சொல்ல? காரில் ஏற்றக் கைகொடுத்தேன்.

சாயங்காலம் பாட்டைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

கேட்பவர்: ஒருவர்.

வலப்பக்கம் எதுவும் இல்லை. என் நாற்காலியில் மட்டும் ஒரு புள்ளி. பழையதோடு அவளையும் அல்லவா காரில் ஏற்றி அனுப்பிவிட்டேன்! அவசரமாக மகளுக்குப் போன் செய்தேன். வலக் காதில் வைத்தால் மணி அடிக்கும் சத்தமே இல்லை. லைன் கிடைக்கவில்லையோ என்று போனை இடக் காதுக்கு மாற்றினேன்.

"...அப்பா! எவ்வளவு நேரமா ஹலோ ஹலோன்னு கத்துறேன், காதுல விழலையா?"

போனைக் கையில் பிடித்தபடியே எழுந்தேன். புதியதன் வலப்பக்க ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கையில் துளி அதிர்வுகூட இல்லை.

இடப்பக்க ஸ்பீக்கர் மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.